பத்து நிமிசத்துக்கு ஒரு வயசு

கடவுள் புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு, எங்கள் ஊர் ஓடைத்தோட்டத்து அண்ணன் தம்பி மூன்று பேரும் தொலைந்துபோன வெள்ளாட்டைத் தேடிப் போயிருந்தார்கள் என்பார்கள். நான் அப்படியெல்லாம் பேசமாட்டேன். யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வந்து வாங்கியிருப்பார்கள், பாவம்.

மூத்தவர் நாச்சிமுத்து. கல்யாணமாகிப் பதினெட்டு வருசம், குழந்தை இல்லை. அவருக்கும் அவர் பெண்சாதி பாவாயிக்கும் அது ஒன்றுதான் குறை. அடுத்தவன் பொங்கியண்ணன். ஐந்தாம் வகுப்பை மூன்று தடவை படித்ததால் வீட்டில் கணக்குக்கு அவன்தான். கடைக்குட்டி செங்கோடன், என்ன சொன்னாலும் அப்படியே செய்வான். அவனிடம் யாரும் எதையும் சொல்லாமல் இருந்தால் பிரச்சினையே இல்லை.

போன ஆடிச் சந்தையில் வண்டிக்கென்று ஒரு வெள்ளைக் குதிரை வாங்கினார்கள். விற்றவன் கண்ணடித்து, “ஒரு குதிரை விலைக்கு ரெண்டு குதிரைங்க, கொடுத்து வச்சவங்க நீங்க” என்றான். செங்கோடன் அந்த இன்னொரு குதிரைக்காகச் சந்தை கலையும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, அழாத குறையாக அந்த ஒன்றை மட்டும் ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான்.

குதிரைக்கு வெள்ளச்சி என்று பெயர் வைத்தார்கள். மாசாமாசம் வயிறு பெருத்தது. வாயு என்று ஓமத்தண்ணி கொடுத்தார்கள். இன்னும் பெருத்தது. ஓமத்தை நிறுத்தினார்கள். அப்போதும் பெருத்தது. “சரி, வளர்ற உடம்பு” என்று விட்டுவிட்டார்கள்.

பங்குனியில் ஒருநாள் காலை ஆறு மணிக்குக் கொட்டகைக்குப் போன நாச்சிமுத்து, வெள்ளச்சிக்குப் பக்கத்தில் ஈரமாக ஒரு குட்டிக் குதிரை படுத்திருப்பதைப் பார்த்தார். சத்தம் போட்டார். எல்லாரும் ஓடி வந்தார்கள்.

“யாரோ ராத்திரி கொண்டாந்து போட்டுட்டாங்கண்ணா” என்றான் பொங்கியண்ணன்.

“அந்தச் சந்தைக்காரனா இருக்கும். இப்பத்தான் அனுப்பியிருக்கான்” என்றான் செங்கோடன்.

பாவாயி வெள்ளச்சியின் வயிற்றைப் பார்த்தாள், குட்டியைப் பார்த்தாள். “அடக் கிறுக்கனுகளா, இது பெத்திருக்குதுடா!” என்றாள். அன்றைக்கு அந்த வீட்டில் பேசப்பட்ட புத்தியான பேச்சு அது ஒன்றுதான்.

நாச்சிமுத்து குட்டியின் மூக்கைத் தொட்டார். அது அவர் விரலைச் சப்பியது. அவ்வளவுதான், மனுசன் உருகிப்போய்விட்டார். “பாவாயி, நம்ம வீட்டுல ஒரு கொழந்த!” என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

துடைத்து முடிப்பதற்குள் குட்டி தள்ளாடி எழுந்தது. நான்கு அடி நடந்தது. மணி ஆறு பத்து.

அந்த நேரம் பார்த்து, பக்கத்துத் தோட்டத்துச் சாமியாத்தாள் பால் கேனோடு சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்துச் சிரித்தாள். “நம்ம புள்ளைக ஒரு வருசத்துல செய்யறத, குதிரைக்குட்டி பத்து நிமிசத்துல செஞ்சுபோடும்” என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினாள். புண்ணியவதி, அதைச் சொல்லாமல் போயிருக்கலாம்.

பொங்கியண்ணன் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தான். விரல் தீர்ந்ததும் செங்கோடன் கையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். எண்ண எண்ண அவன் முகம் வெளிறியது.

“அண்ணா, பத்து நிமிசத்துக்கு ஒரு வயசு. ஒரு மணி நேரத்துக்கு ஆறு. சாயங்காலம் நாலு மணிக்கு இதுக்கு அறுபது.”

“அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் என்ன, பொழுது சாயறதுக்குள்ள போயிரும்.”

நாச்சிமுத்து அங்கேயே சாணியில் உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு வருசம் காத்து வந்த பிள்ளை விளக்கு வைக்கும் வரை தாங்காது என்றால் யாருக்குத்தான் நெஞ்சு வெடிக்காது? பாவாயிதான் முந்தானையை இழுத்துச் செருகினாள். “அழுதுட்டிருந்தா அதுக்குள்ள ஒரு வயசு போயிரும். இருக்கற நேரத்துல ஒரு கொறையும் இல்லாம எல்லாம் செஞ்சு பாத்துரலாம் மாமா.”

ஆறரைக்குக் காதுகுத்து என்று முடிவானது. தாய்மாமன் மடி வேண்டுமே? சந்தையிலிருந்து வெள்ளச்சியைக் கயிறு பிடித்து ஓட்டி வந்தவன் நான்தான், கூடப் பிறந்தவன் மாதிரி என்று செங்கோடன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குட்டியைத் தூக்கி மடியில் வைத்தார்கள். அது உதைத்த உதையில் மாமன் வைக்கோல்போரில் கிடந்தான். காது குத்தவில்லை. மாமனுக்கு மட்டும் உதடு கிழிந்தது.

ஆறு ஐம்பதுக்கு ஐந்து வயசு, பள்ளிக்கூடம் சேர்க்கவேண்டும். பள்ளிக்கூடம் திறப்பது ஒன்பதுக்கு. “ஒம்பது மணிக்குப் பதினெட்டு ஆயிரும். அந்த வயசுல ஒண்ணாப்புல உட்கார வச்சா மத்த புள்ளைக சிரிக்கும்” என்றார் நாச்சிமுத்து. வீட்டிலேயே தாம்பாளத்தில் அரிசி பரப்பி, குளம்பைப் பிடித்து ‘அ’ எழுத வைத்தார்கள். பாதி எழுதுவதற்குள் வெள்ளச்சி வந்து அரிசியைத் தின்றுவிட்டது.

“பையன் படிப்புல அம்மாவே மண்ணப் போட்டுட்டா” என்று பாவாயி வருத்தப்பட்டாள்.

ஒன்பதே முக்காலுக்கு இருபத்திரண்டு. பெண் பார்க்கவேண்டும். சுற்றுவட்டாரத்தில் வேறு குதிரை கிடையாது. செங்கல் சூளையில் ஒரு பெண் கழுதை உண்டு. செங்கோடனை அனுப்பினார்கள்.

சூளைக்காரர் விவரம் கேட்டுவிட்டு, “மாப்பிள்ளைக்கு வயசென்ன?” என்றார்.

“நான் கெளம்பறப்ப இருபத்திரண்டுங்க. இப்ப இருபத்தஞ்சு இருக்குமுங்க. சீக்கிரம் ஒரு பதில் சொல்லுங்க.”

“வேல நடக்குதப்பா. வெயில் தாழ வா, பேசலாம்.”

“ஐயோ, வெயில் தாழறப்ப அவனுக்கு அறுபது ஆயிருமுங்க! கெழவனுக்கு யாருங்க பொண்ணு தருவாங்க?”

சூளைக்காரர் கையில் இருந்த செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். அதைவிடப் பெரிசு. செங்கோடன் ஓடி வந்துவிட்டான்.

மணி பதினொன்றேகால். முப்பத்தொன்றரை வயசு, கல்யாணம் ஆகவில்லை. நாச்சிமுத்துவுக்குத் தாங்கவில்லை. “வயச நிறுத்தறதுக்கு வழி சொல்லுங்கடா!” என்று கத்தினார்.

பொங்கியண்ணன் சுவர்க்கடிகாரத்திலிருந்து பேட்டரியை உருவிக் கிணற்றில் போட்டான். பாவாயிக்கு இன்னொன்று தோன்றியது. “நடந்ததாலதான வயசு ஏறுச்சு? தவழப் பழக்கிட்டா எறங்கீரும்.”

உச்சி வெயிலில் மூன்று ஆண்களும் களத்தில் மண்டி போட்டுத் தவழ்ந்தார்கள். குட்டி கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு கொட்டாவி விட்டது. பிறகு காலை நீட்டிப் பக்கவாட்டில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. “படுத்துருச்சு, அடுத்து தவழும்!” என்று கை தட்டினார்கள். அது அசையவில்லை. கூப்பிட்டார்கள். அசையவில்லை.

நாச்சிமுத்து அதன் தலையை மடியில் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதார். “முப்பத்தொன்றரை... சாகற வயசாடா இது?” பாவாயி தலையை விரித்துப்போட்டு ஒப்பாரி வைத்தாள். செங்கோடன் கடப்பாரை எடுத்துப்போய் வேப்பமரத்தடியில் குழி தோண்ட ஆரம்பித்தான். இடுப்பளவு தோண்டிவிட்டான்.

அப்போது குட்டி ஒரு தும்மல் போட்டுவிட்டு நாச்சிமுத்து மடியிலிருந்து எழுந்து நின்றது.

“செத்தது எப்படி எந்திரிக்கும்?” என்றான் பொங்கியண்ணன். “எந்திரிக்காது. அது போயிருச்சு. இது மறுபடி பொறந்தது.”

“பொறந்ததுன்னா, பெத்தவ யாரு?” என்று குழிக்குள்ளிருந்து செங்கோடன் கேட்டான்.

எல்லாரும் நாச்சிமுத்துவின் மடியைப் பார்த்தார்கள். அவரும் பார்த்துக்கொண்டார்.

“அண்ணா, அசையாதீங்க. பச்ச ஒடம்பு!”

தூக்கிக்கொண்டுபோய்க் கட்டிலில் படுக்கவைத்தார்கள். மனுசன் பெற்றது, இனி மனுசக் கணக்குத்தான், நூறு வயசு இருக்கும் என்று பொங்கியண்ணன் விரலை மடக்கி உறுதி சொன்னான். “அப்ப நடக்க ஒரு வருசம் ஆகணுமே, இது இப்பவே ஓடுதே?” என்றாள் பாவாயி. “அது போன ஜென்மத்துப் பழக்கம் அண்ணி” என்றான் அவன்.

சாயங்காலப் பாலையும் ஊற்றிவிட்டுச் சாமியாத்தாள் காலிக் கேனோடு திரும்பி வந்தாள். கட்டிலில் காதில் பஞ்சும் தலையில் துணியுமாக நாச்சிமுத்து கம்பளி போர்த்திப் படுத்திருந்தார். பாவாயி பூண்டுக் குழம்பும் சோறும் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னாச்சு, காய்ச்சலா?”

“மெல்லப் பேசுங்கக்கா, மத்தியானந்தான் பெத்தாரு. பொழச்சு வந்ததே பெருசு.”

சாமியாத்தாள் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். குட்டி வெள்ளச்சியிடம் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

“இவருக்கு இன்னும் பால் ஊறலீங்க” என்று பாவாயி குரலைத் தாழ்த்தினாள். “வெள்ளச்சி பாவம், காலையில பெத்தத மத்தியானம் பறிகுடுத்தவ. அந்தத் துக்கத்துலயும் நம்ம புள்ளைக்குப் பால் குடுக்கறா. யாருக்கு வரும் அந்த மனசு?”

நாச்சிமுத்து சோர்வாகத் தலையைத் தூக்கினார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

“மூஞ்சி என்னையாட்டவே இருக்குதுன்னு தம்பிக சொல்றானுங்கக்கா. அந்த வாலு மட்டும் யாரு சாடைன்னு தெரியல.”

பாவாயி அடுத்த உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“எங்க பெரியப்பா பக்கமா இருக்கும்” என்றாள்.