பாரிசில் படித்த சமையல்

தொலைக்காட்சிச் சமையல் நடுவர் மாசிலாமணிக்கு ஒப்பனை செய்பவள் தெரசா. இணையக் கலைக்களஞ்சியத்தில் அவருடைய பக்கத்தைச் சரிபார்த்து வருபவளும் அவள்தான்.

ஒருநாள் அவர், "மணப்பாறைக் கல்யாண வீடுகள்ல சமையல் கத்துக்கிட்டவர்னு போட்டிருக்கியே. பாரிஸ்ல படிச்சவர்னு மாத்து. இல்லேன்னா நாளையிலிருந்து வராதே," என்றார்.

தெரசா பவுடர் பூசுவதை நிறுத்தவில்லை. "அதுக்கு ஆதாரம் வேணுமே சார். இன்னைக்கு நேரலையில நீங்களே சொல்லிடுங்க. 'பாரிசில் படித்ததாக இவர் மட்டும் கூறுகிறார்'னு உடனே சேர்த்துடறேன்."

நேரலை தொடங்கியது. "நான் சமையல் படிச்சது…" என்று ஆரம்பித்தவர், கேமராவுக்குப் பின்னால் கைபேசியோடு காத்திருந்த தெரசாவைப் பார்த்தார்.

"மணப்பாறைக் கல்யாண வீடுகள்ல," என்று முடித்தார். அரங்கமே எழுந்து கைதட்டியது.

கலைக்களஞ்சியத்தில் இருந்த மணப்பாறை வரிக்கு அந்த நேரலையையே இன்னோர் ஆதாரமாகத் தெரசா சேர்த்தாள். மறுநாளும் அவருக்குப் பவுடர் போட்டது அவள்தான்.