நின்றுபோன கை

நன்னாகன் பாறைப் படிகளில் ஏறும்போது மழை தொடங்கியிருக்கவில்லை. ஆனால் மேற்கே கூவிளமலை முழுவதும் கறுத்துக் கிடந்தது. அவனுக்குப் பின்னால் மலைநாட்டுத் தூதன் வேங்கன் வந்தான். கஞ்சிப் பானையைத் தான் சுமப்பதாக அவன் சொல்லியும் நன்னாகன் தரவில்லை. குரத்தியாருக்கு உரிய உணவை அளிப்பவனே சுமக்க வேண்டும்.

உச்சியிலிருந்த சமணப் பள்ளியின் ஆசிரியையை ஊரார் குரத்தியார் என்றே அழைத்தார்கள். படைத்தலைவனான நன்னாகனைவிட அவர் வயதில் இளையவர். ஆயினும் அவன் நெடுங்காலமாக அவரிடம் மாணாக்கனாகவே அமர்ந்து வந்தான். அவர் நாளில் ஒருமுறைதான் உண்பார். இரு உள்ளங்கைகளைச் சேர்த்து அதையே கலமாகக் கொள்வார். ஊற்றுகிறவர் கை இடையில் நின்றுவிட்டால் அன்றைய உணவு அவ்வளவுதான். ஊரில் சிறு பிள்ளைகளுக்கும் தெரிந்த நோன்பு அது.

"அடிகளே, ஒரு கேள்வி."

"கொலையைப் பற்றியதென்றால் என்னிடம் விடை இல்லை, நன்னாகரே."

"உதவியைப் பற்றியது."

"அப்படியானால் கேளும்."

நன்னாகன் சொன்னான். வடவர் படை கூவிளமலைக் கணவாயை நெருங்கிக்கொண்டிருந்தது. மலையை ஆளும் வேள் நட்பு நாட்டவர். அவருக்கு ஆயுதமும் தானியமும் வீரர்களும் தந்து உதவ அரசர் இசைந்துவிட்டார். எதை எப்போது அனுப்புவது என்று வகுக்கும் பொறுப்பு நன்னாகனுடையது. அந்தி சாய்வதற்குள் அவன் முத்திரையிட வேண்டும்.

"மூன்று தவணையாக வகுத்திருக்கிறேன். முதலில் அம்புகள். கணவாய் தாங்கினால் தானியம். அதன் பிறகும் தாங்கினால் வீரர்கள்."

"ஏன் மூன்று?"

"எல்லாவற்றையும் ஒருசேர அனுப்பிய பின் கணவாய் விழுந்தால், நம்முடைய அம்புகளே நம் மார்பைத் தேடி வரும். சிந்தாமல் கொடுக்க விரும்புகிறேன்."

வேங்கன் சிரித்தான். "தலைவர் எங்களுக்குப் பந்தி வைக்கிறார், அடிகளே. இலை போட்டாயிற்று, உப்பும் வைத்தாயிற்று. உப்பைத் தின்று உயிரோடு இருந்தால் சோறு வருமாம்."

"வேங்கா, வாயைக் கட்டு."

"கட்டிக்கொள்கிறேன், தலைவரே. முதல் தவணை வந்ததும் அவிழ்க்கிறேன்."

நன்னாகன் அவனைப் பொருட்படுத்தவில்லை. "இது நல்ல திட்டமா, அடிகளே?"

குரத்தியார் பாறையின் விளிம்பில் சுருங்கிக்கொண்டிருந்த நிழலைப் பார்த்தார். "உணவுப் பொழுது கடக்கிறது. முதலில் ஊற்றும். உண்ணும்போது நான் பேசுவதில்லை."

அவர் அமர்ந்து கைகளைச் சேர்த்து நீட்டினார். நன்னாகன் பானையைச் சாய்த்தான். கஞ்சி மெல்லிய ஒழுக்காக இறங்கியது. அவர் கைகள் நடுங்குவதை அவன் அப்போதுதான் கண்டான். விரலிடுக்குகளில் கஞ்சி வழிந்து பாறையில் விழுந்தது. அவர் ஒரு மிடறு விழுங்கினார். அதைவிட அதிகமாகக் கீழே சிந்தியது. கையில் இருப்பதை அவர் உண்டு முடிக்கட்டும் என்று அவன் பானையை நிமிர்த்தினான்.

குரத்தியார் கைகளை விரித்தார். எஞ்சியதும் பாறையில் விழுந்தது. கமண்டலத்து நீரால் விரல்களைக் கழுவிக்கொண்டார்.

நன்னாகன் பானையோடு அப்படியே நின்றான். "சிந்துவதைப் பார்த்தேன், அடிகளே. வீணாகிறதே என்று..."

"தெரியும். நல்ல எண்ணத்தில்தான் நிறுத்தினீர்."

"பானையில் இன்னும் நிறைய இருக்கிறது. முழுவதும் உங்களுக்காகத்தான் கொண்டுவந்தேன்."

"அதுவும் தெரியும்."

"நேற்றும் நீங்கள் உண்ணவில்லை என்று கீழே சொன்னார்கள்."

"நேற்று ஊற்ற வந்த கிழவருக்கு இருமல். பாவம், அவர் என்ன செய்வார்?"

"நாளை என் கை நிற்காது, அடிகளே."

"நல்லது. நாளைவரை பசித்திருக்கப்போவது நீர் அல்லவே."

நன்னாகனின் முகம் சிவந்தது. அவன் படிகளின் பக்கம் திரும்பினான். "அடிவாரத்தில் குயவர் வீட்டுப் பெண் கஞ்சியோடு நின்றாள். ஓடிப்போய் அவளை அழைத்துவருகிறேன்."

"வேண்டாம். ஒருவரிடம் கை நீட்டிய நாளில் இன்னொருவரிடம் நீட்டுவதில்லை. நீர் வருவதாகச் சொல்லியிருந்தீர். அதனால் காலையில் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டேன்."

வேங்கன் இப்போது சிரிக்கவில்லை. அவன் தரையில் குந்தி, சிந்திய கஞ்சியில் எறும்புகள் கூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கள் வேளும் இதைத்தான் செய்தார்" என்றான். "சென்ற திங்கள் கடற்கரை நாட்டார் ஆள் அனுப்பினார்கள். பெண்டு பிள்ளைகளோடு இறங்கி வாருங்கள், குடியிருக்க இடம் தருகிறோம் என்றார்கள். அதற்கு இரண்டு நாள் முன்புதான் தலைவரின் வாக்கு வந்திருந்தது. வேள் அவர்களுக்கு வெற்றிலை கொடுத்து அனுப்பிவைத்தார். மலையிலிருந்து ஒரு குடும்பமும் இறங்கவில்லை."

நன்னாகனுக்கு இது புதிய செய்தி. "ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"நீங்கள் வில்லைப் பற்றிக் கேட்டீர்கள், அம்பைப் பற்றிக் கேட்டீர்கள். கணவாய் எத்தனை நாள் தாங்கும் என்றும் கேட்டீர்கள், தலைவரே. பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவில்லை."

நன்னாகன் பானையைக் கீழே வைத்துவிட்டு அமர்ந்தான். கணவாய் தாங்கும் ஒவ்வொரு நாளும் தன் கோட்டை மதில் ஒரு முழம் உயரும் என்று அரசவையில் சொன்னவன் அவன்தான். அவையினர் அதைப் பாராட்டினார்கள்.

"எல்லாவற்றையும் இன்றே அனுப்பினால்?" என்றான்.

"உம்மால் முடியுமா?"

"முடியாது. படைக்கலக் கொட்டிலை ஒரே நாளில் காலி செய்ய அரசர் இசையமாட்டார். உண்மையைச் சொன்னால், முதல் தவணைக்கு மேல் என்னால் எதற்கும் உறுதி கூற இயலாது."

"வேளுக்கு அது தெரியுமா?"

"தெரியாது. தெரிந்தால் கணவாயில் யார் நிற்பார்கள்?"

மலைப்பக்கம் இடி உருண்டது. வேங்கன் எழுந்து கச்சையை இறுக்கிக்கொண்டான். அவன் போக வேண்டிய வழி நெடியது.

"அடிகளே," நன்னாகனின் குரல் தாழ்ந்திருந்தது, "இருப்பது இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு அந்த மக்களுக்கு நான் எந்த உதவியைத்தான் முதலில் அனுப்புவது?"

"இருப்பது இவ்வளவுதான் என்பதைச் சொல்லி அனுப்பும். மழை இறங்குவதற்குள் அனுப்பும். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடவும் பொழுது வேண்டும்."