தூசி வளையத்தில் ஒரு புள்ளி

எங்கள் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே ஒரு தப்பு செய்வார்கள். நரைத்த தலையைப் பார்த்துக் குற்றாலிங்கம் சாருக்குப் பெரிய வணக்கம் வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்கும் ஜெசிந்தா மேடத்திடம், "நீங்க எந்த வருஷம்?" என்று கேட்பார்கள். சாருக்கு ஐம்பத்து நாலு வயது. மேடத்துக்கு முப்பத்தெட்டு. மேடம்தான் வழிகாட்டி, சார்தான் ஆய்வு மாணவர்.

நான் அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். வானியல் படித்ததில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் காதில் விழுந்ததுதான்.

சார் தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் துறைத் தலைவராக இருந்தவர். அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, ஆறு வருஷமாக ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தார். அதைச் சுற்றி ஒரு தூசி வளையம். விண்வெளியில் கடுங்குளிரில் வைத்திருக்கும் அகச்சிவப்புத் தொலைநோக்கிக்கு அந்தத் தூசியின் லேசான சூடுகூடத் தெரியுமாம். வளையத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி இருந்தது. சார் அதைக் கிரகம் என்றார்.

மேடம் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆய்வேட்டில் கிரகம் என்று வந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையால் அடித்து, புள்ளி என்று எழுதிக் கொடுப்பார். கான்டீனில் டீ போடுகிறவர்கூட, "என்ன சார், கிரகம் நல்லாருக்கா?" என்று கேட்பார். சார் சிரிப்பார். மேடம் சிரிக்க மாட்டார்.

ஜூன் முப்பதோடு சாரின் பதிவு முடிகிறது. இரண்டு முறை நீட்டித்தாயிற்று, இனிமேல் கிடையாது. கடைசி அத்தியாயம் முழுக்க அந்தக் கிரகம்தான். அது நின்றால் பட்டம். இல்லையென்றால் ஆறு வருஷமும் போச்சு.

ஜூன் பத்தாம் தேதி மதியம் சார் ஆய்வேட்டோடு மேடத்தின் அறைக்கு வந்தார். நான் அங்கே பிரிண்டரில் சிக்கிய தாளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு கையெழுத்து போட்டுட்டீங்கன்னா குடுத்துடுவேன் மேடம்."

"தொலைநோக்கியில ரெண்டாவது தடவை எடுத்த படம் வந்துடுச்சா சார்?"

சார் தயங்கினார். "வந்துடுச்சு."

"எப்போ?"

"பதினோரு நாள் ஆச்சு."

"பாத்தீங்களா?"

"இல்லை."

மேடம் கோபப்படவில்லை.

"முதல் படத்துலயே தெளிவா இருக்கே மேடம்," என்றார் சார். "வளையத்துக்குள்ளதானே இருக்கு. வேற என்னவா இருக்க முடியும்?"

மேடம் என் பக்கம் திரும்பினார். "உங்க வெப்பக் கேமராவைக் கொண்டாங்க. குப்பைக் கூடைக்குப் போடுற கறுப்புப் பையும் ஒண்ணு."

சர்வர் அறையில் எந்தப் பெட்டி சூடாகிறது என்று பார்க்க அந்தக் கேமராவை வைத்திருக்கிறேன். கொண்டுவந்து கொடுத்தேன். சாரையும் என்னையும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னார். மேசையில் ஏதோ செய்யும் சத்தம் கேட்டது.

"இப்போ பாருங்க."

மேசை மேல் கறுப்புப் பை உப்பி நின்றது. வேறு ஒன்றும் தெரியவில்லை. கேமராவின் திரையில் பார்த்தால் பை இருந்த இடத்தில் ஒரு டீ டம்ளர் பளிச்சென்று தெரிந்தது. டீயின் மட்டம்கூடத் தெரிந்தது.

"டம்ளர் பைக்குள்ள இருக்கா சார், பைக்குப் பின்னாடி இருக்கா?"

சார் கேமராவை வாங்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"தெரியலை மேடம்."

"தெளிவாத்தானே இருக்கு?"

"தெளிவாத்தான் இருக்கு. பை குறுக்க இருக்கற மாதிரியே இல்லை."

"எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

இருபத்தைந்து வருஷம் இயற்பியல் நடத்திய மனுஷன். யோசிக்காமலே பதில் வந்துவிட்டது. "பையை நகர்த்தணும். உள்ள இருந்தா கூட வரும். பின்னாடி இருந்தா அங்கேயே நிக்கும்."

"நகர்த்துங்க."

சார் கையைக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்திவிட்டார். பையைத் தொடாமல் நேரே மேடத்தின் கணினி முன்னால் போய் உட்கார்ந்தார். டம்ளர் எங்கே இருந்தது என்று கடைசிவரை நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

பதினோரு நாளாகத் திறக்காத கோப்பைத் திறந்தார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய படத்தையும் புதுப் படத்தையும் மாற்றி மாற்றித் திரையில் ஓடவிட்டார். இந்த இரண்டு வருஷத்தில் நட்சத்திரம் ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது. வளையமும் அதோடு நகர்ந்திருந்தது.

புள்ளி நகரவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தது.

சார் மறுபடி மறுபடி ஓடவிட்டுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அழுதார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?"

"தெரியாது. படம் வந்தது தெரியும். எனக்கும் அதைத் திறக்கறதுக்கு அனுமதி இருக்கு. நானும் திறக்கலை."

"ஏன்?"

"கிரகமா இருக்கணும்னு எனக்கும் ஆசை சார்."

மேடம் குனிந்து புதுப் படத்தைப் பெரிதாக்கினார். புள்ளி வட்டமாக இல்லை. கொஞ்சம் நீளமாக, மை ஈஷினதுபோல் இருந்தது.

"கேலக்ஸி," என்றார் சார். அவர் குரல் அடங்கியிருந்தது. "தூசிக்குப் பின்னாடி, எங்கேயோ தூரத்துல. இவ்வளவு நாளும் அதைத்தான் என் கிரகம்னு சொல்லிட்டிருந்தேன்."

"ஆமா."

சார் ஆய்வேட்டை எடுத்துக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தார். பேனாவைத் திறந்தார்.

"எல்லாத்தையும் அடிச்சுடறேன் மேடம். தேடினோம், ஒண்ணும் இல்லைன்னு ஒரே வரி எழுதிடறேன். அதுதானே நிஜம். பட்டம் வந்தா வருது, வராட்டிப் போகுது."

மேடம் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடி, மேசை மேல் வைத்தார்.

"நிறத்தை வச்சுப் பாத்தா அந்த வெளிச்சம் கிளம்பி அறுநூறு கோடி வருஷமாவது இருக்கும். அப்போ பூமியே கிடையாது. அவ்வளவு தூரம் வந்து, கடைசியில உங்க தூசிக்குள்ள நுழைஞ்சு, தூசி பிடிச்சுக்கிட்டது போக மிச்சத்தோட உங்க முன்னாடி வந்து நிக்குது. தூசி எவ்வளவு பிடிச்சுக்கிச்சு, எவ்வளவு விட்டுச்சுன்னு வேற யார்கிட்டயும் கேக்க முடியாது. அதுவே ஒரு அத்தியாயம், எழுத இன்னும் இருபது நாள் இருக்கு. அதைப் போய் ஒண்ணும் இல்லைன்னா எழுதப் போறீங்க?"