தேருக்குக் கட்டை போட்டவர்

முன்பு எப்போதோ, பெயரைச் சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார்களே என்று நான் பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு நாட்டில், ஏரிக்கரை உடைந்து விளைந்த பயிரெல்லாம் போயிற்று. கரையைச் செப்பனிடாத மந்திரி நரசிங்கரை ஊரே கரித்துக்கொட்டியது. மந்திரி என்ன செய்தார்? பக்திக்குள் போய் ஒளிந்துகொண்டார்.

"மன்னர் பெருமானே, மாற்று மதத்தார் கை நம் தேரில் படுகிறது. அதனால்தான் தெய்வம் கோபித்துக்கொண்டது" என்றார்.

ராஜாவுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. "மாற்று மதத்தார் கை பட்ட எதுவும் இனி நம் தேரைத் தொடலாகாது!" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அது மஸ்தான் ராவுத்தர் தலையில் விழுந்தது. நாலு தலைமுறையாகத் தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவது அவர் குடும்பம். மூலையில் தேரைத் திருப்புவதும் நிலையில் நிறுத்துவதும் அந்தக் கட்டைதான்.

ராவுத்தரின் பால்ய சிநேகிதன் விகடகவி கூத்தபிரான் அப்போது சபையிலேயே இருந்தான். உத்தரவைக் கேட்டதுமே பதில் அவன் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பாவிக்குக் கூட்டம் வேண்டியிருந்தது. சபையில் பத்துப் பேர் சிரிப்பதைவிடத் தெருவில் பத்தாயிரம் பேர் சிரித்தால் எப்படி இருக்கும்!

"ஒன்பது நாள் பொறு மஸ்தான். தேரன்னிக்குப் பாரு, மந்திரி மூஞ்சியில கரியப் பூசிடுறேன்" என்றான்.

"அதுவரைக்கும் யாரு பொறுக்கிறது? தெனமும் என் வீட்டு மேல கல்லு விழுது கூத்தா" என்றார் ராவுத்தர்.

தேர்நாள் வந்தது. வழக்கப்படி ராஜாதான் முதலில் வடம் தொட வேண்டும். அவர் கையை நீட்டியதும் கூத்தபிரான் குறுக்கே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"அரசே, உத்தரவு! தாங்கள் தொடலாகாது!"

"என்ன உளறுகிறாய்?" என்று சீறினார் மந்திரி.

"மன்னர் பிறக்கையில் கால் முன்னே வந்தது. அரண்மனை வைத்தியர்கள் கைவிட்ட பிள்ளையை இழுத்துப் போட்டுக் காப்பாற்றியவள் ராவுத்தரின் தாய் பீவியம்மாள். இந்த உலகத்தில் மன்னர் மேல் முதலில் பட்டதே மாற்று மதத்தார் கை! மந்திரியாரே, மன்னரைக் கொஞ்சம் தேரைவிட்டுத் தள்ளி நிறுத்துங்கள்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ராஜாவும் வயிறு குலுங்கச் சிரித்தார். உத்தரவு அங்கேயே ரத்தாயிற்று. மந்திரி ஏரிக்கரைக்கு மண் சுமக்கப் போனார். ராஜா தம் பொற்கடகத்தைக் கழற்றிக் கூத்தபிரான் கையில் பூட்டி, "போய் ராவுத்தரை அழைத்து வா" என்றார்.

கூத்தபிரான் தலைதெறிக்க ஓடினான். வீடு பூட்டிக் கிடந்தது.

"முந்தாநாளே குடும்பத்தோட ஆத்தைத் தாண்டிப் போயிட்டாருங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "இந்தக் கட்டைய உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாரு."

"வேற ஏதாச்சும் சொன்னானா?"

அவள் தயங்கினாள். "'அன்னிக்கே வாயைத் தொறந்திருக்கலாம்'னாரு."

அந்த வருஷம் தேருக்குக் கட்டை போட்டது கூத்தபிரான்தான். பழகாத கை. தேர் மூலைக்கு மூலை இடித்துக்கொண்டு நின்றது. கடகம் குலுங்க அவன் கட்டையோடு தடுமாறுவதைப் பார்த்து ராஜா மறுபடியும் சிரித்தார். அவன் ஆசைப்பட்ட பத்தாயிரம் பேரும் கூடச் சேர்ந்து சிரித்தார்கள். அவனுக்கு மட்டும் அழுகை அழுகையாக வந்தது.