சாய்ந்து நடக்கும் விண்மீன்

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அந்த மலையில் இருந்தவர் அல்ல; அங்கே வேலை பார்த்த ஒருவரிடம் கேட்டவர். பேச்சில் ஒன்றிரண்டு சொல் மாறியிருக்கலாம். நடந்தது மாறவில்லை என்று நம்புகிறேன்.

மலைமேல் ஒரு வானாய்வு நிலையம். அங்கே மெஹருன்னிசா ஆசிரியை. மாணவர் தவமணி அவரைவிட எட்டு வயது மூத்தவர். இருபது வருடம் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, நட்சத்திர ஆசை விடாததால் நீண்ட விடுப்பு எடுத்து வந்தவர். தவமணிக்கு அவர் மேடம். மெஹருன்னிசாவுக்கு இவர் சார்.

நம் சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன், ப்ராக்ஸிமா என்ற சின்னச் சிவப்புச் சூரியன். அதை ஒரு கோள் சுற்றுகிறது என்று மற்றவர்கள் ஏற்கெனவே கண்டு சொல்லியிருந்தார்கள். தென்கோடி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று இரவுதோறும் எடுத்த அந்த விண்மீனின் வேக அளவுகளை வைத்து அந்தக் கோளைத் தாமும் கண்டு காட்ட வேண்டும். தவமணிக்குக் கொடுத்த வேலை அதுதான். இது நடந்த நாளுக்கு மறுநாளோடு விடுப்பு முடிகிறது. கோள் அகப்பட்டால் விடுப்பை நீட்டிக்க மெஹருன்னிசா எழுதித் தருவார். இல்லாவிட்டால் பழையபடி எட்டாம் வகுப்பு.

அன்று மதியம் தவமணி வரைபடத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். கோடு நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

“கோள் இல்லை, மேடம். விண்மீன் அசையவே இல்லை. பெட்டி கட்டிவிட்டேன்.”

மெஹருன்னிசா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலிலிருந்தே இப்படித்தானா என்று கேட்டார். முதலில் ஆடத்தான் செய்தது, கருவியின் கோளாறு என்று ஒவ்வொரு இரவின் அளவையும் இழுத்து ஒரே கோட்டில் நிறுத்தினேன் என்றார் தவமணி. சூரியன் நடுவில் நிற்கும், சுற்றி வருவதுதானே அசையும் என்றும் சேர்த்துச் சொன்னார். பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்.

மெஹருன்னிசா எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

வெளியே மதில். அதற்கு அப்பால் கேண்டீன் பச்சையம்மாள் தண்ணீர்த் தொட்டியிலிருந்து மேடேறி வந்துகொண்டிருந்தார். தலையும் தோளும் மட்டும் தெரிந்தன.

“அவர் இடுப்பில் என்ன, சார்?”

“குடம்.”

“எந்தப் பக்கம்?”

“இடது பக்கம்.”

“மதில் மறைக்கிறதே.”

“வலது பக்கம் சாய்ந்து வருகிறாரே, மேடம். நிறைகுடமாகத்தான்…”

சொல்லி முடிக்கவில்லை தவமணி.

“உங்கள் கையில் கிடைத்தால் பச்சையம்மாளையும் ஸ்கேல் வைத்து நிமிர்த்திவிடுவீர்கள்” என்றார் மெஹருன்னிசா. “குடம் காணாமல் போயிருக்கும்.”

தவமணி கணினி முன் உட்கார்ந்தார். தாம் நேராக்கிய ஒவ்வொன்றையும் பழையபடி கலைத்துவிட்டார். மேசையில் வைத்த டீ ஆடை கட்டியது. எல்லாம் கலைந்த பிறகு, இரைச்சலுக்கு நடுவே கோடு மெல்ல வளைந்து ஏறியது. இறங்கியது. பதினோரு நாளுக்கு ஒரு முறை, மூச்சு விடுவதுபோல், மறுபடி ஏறியது.

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். யாரும் கண்ணால் காணாத ஓர் உலகம். அதன் ஒரு முகத்தில் சூரியன் மறைவதே இல்லையோ என்னவோ. அந்த உலகம் அங்கே இருந்தது. கை மயிர் சிலிர்த்து நின்றது. கூட்டிக் கழித்து இல்லாமல் ஆக்கியதும் இதே கைதான்.

அவர் நாற்காலியைத் திருப்பினார்.

“இத்தனை சின்ன உலகம் ஒரு சூரியனை அசைக்குமா, மேடம்?”

“சுமக்கிறவர் அசையாமல் எப்படி, சார்?”

தவமணியின் பெட்டி அன்று பஸ் ஏறவில்லை.

அந்த விண்மீன் எவ்வளவு வேகத்தில் அசைகிறது என்று பிறகு தேடிப் பார்த்தேன். மணிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். மனிதர் நடக்கும் வேகம்.