எட்டு எண்ணிக்கை

“கை நடுங்குது மேடம்” என்றார் தேவசித்தம்.

“எந்தக் கை?” என்று கேட்டார் ஹெப்சிபா.

“இடது கை.”

“வலது கை?”

“அது நல்லாத்தான் இருக்கு.”

ஹெப்சிபா படுக்கையில் இருந்தபடியே அவருடைய இடது கையைப் பார்த்தார். அது கட்டிலோரத்து மேசைமேல் சும்மா கிடந்தது. நடுங்கவில்லை.

“எப்ப நடுங்குது?”

“தூக்கும்போது.”

ஹெப்சிபா அந்த நகரத்துச் சிம்பொனி இசைக்குழுவின் நடத்துநர். வயது நாற்பத்திரண்டு. தேவசித்தத்துக்கு ஐம்பத்தொன்று. அதே குழுவில் இருபது வருஷம், வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியமான வயோலா வாசித்தவர். நான்கு வருஷத்துக்கு முன்பு, தன்னைவிட ஒன்பது வயது இளையவரான ஹெப்சிபாவிடம் போய், “எனக்கும் குழுவை நடத்தச் சொல்லிக் கொடுங்கள்” என்று நின்றார். ஹெப்சிபா மறுக்கவில்லை.

நடத்துநரின் வலது கை தாளம் சொல்லும். யார் எப்போது நுழைய வேண்டும் என்பதை இடது கை காட்டும். தேவசித்தம் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான்.

அந்த வருஷம் குழுவுக்கு ஆறு நிகழ்ச்சிகள். ஜூலையில் சிம்பொனி. ஆகஸ்டில் மூன்று நாள், பாட்டாகவே நடக்கும் நாடகமான ஓபரா. அக்டோபரில் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு பகல் கச்சேரி. டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாடல்கள். ஜனவரியில் பழைய சினிமாப் பாட்டுகள். மார்ச்சில் இன்னொரு ஓபராவோடு முடியும்.

ஆகஸ்ட் ஓபராவின் மூன்றாம் நாள் ஹெப்சிபா டைஃபாய்டில் படுத்துவிட்டார். அன்றைக்கு தேவசித்தம் நடத்தினார். ஓபராவை அவர் நடத்தியது அதுதான் முதல் முறை.

கை நடுங்கத் தொடங்கியது அதற்குப் பிறகு.

“அன்னிக்கு என்ன நடந்தது?” என்று கேட்டார் ஹெப்சிபா.

“பேப்பர்லதான் போட்டிருந்தாங்களே மேடம்.”

பேப்பரில் போட்டிருந்தது இவ்வளவுதான். கடலில் தொலைந்துபோன அண்ணனை நினைத்துத் தங்கை அழும் பாட்டு. தங்கையாக நடித்த ரோசலின், தன் இடம் வருவதற்கு முன்பே பாட ஆரம்பித்துவிட்டாள். வாத்தியங்கள் ஒரு பக்கம் போக, குரல் இன்னொரு பக்கம் போனது. அரங்கில் சிரிப்பு எழுந்தது. ‘குரல் இருக்கிறது. தாளம் எண்ணத்தான் தெரியவில்லை’ என்று விமர்சனத்தை முடித்திருந்தார்கள்.

“பேப்பர்ல போட்டது எனக்குத் தெரியும். நீங்க சொல்லுங்க.”

“அதேதான் மேடம்.”

ஹெப்சிபா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“சரி. இந்த சீசன் முடியிற வரைக்கும் நீங்க கையைத் தூக்க வேண்டாம். வயோலாவை எடுத்துக்கிட்டுக் கடைசி வரிசையில உக்காருங்க.”

“தண்டனையா?”

“நீங்கதான் தப்பு எதுவும் பண்ணலையே, தண்டனை எதுக்கு?”

தேவசித்தம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

&nbsp;

செப்டம்பரில் கமிட்டி கூடியது. மார்ச் ஓபராவிலும் ரோசலின்தான் பாடுவதாக இருந்தது. அதை மாற்றிவிடலாம் என்று நினைத்தார்கள். அதற்கு முன் அவளையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஹெப்சிபா இன்னும் வீட்டில் படுக்கையில்தான் இருந்தார். அவருக்குப் பதிலாக தேவசித்தம் போயிருந்தார்.

“அன்னிக்கு என்னம்மா ஆச்சு?” என்று கேட்டார் செயலாளர்.

ரோசலின் திரும்பி தேவசித்தத்தைப் பார்த்தாள்.

தேவசித்தம் முன்னால் இருந்த தாளை எடுத்து ஒருமுறை படித்தார். அது தேநீருக்கு யார் யார் வருகிறார்கள் என்ற பட்டியல். அதையே இன்னொரு முறையும் படித்தார்.

பெங்களூரிலிருந்து வேறொரு பாடகியை அழைப்பது என்று முடிவானது.

கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்தபோது ரோசலின் அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“வரேன் சார்.”

சொன்ன பிறகும் அவள் உடனே போகவில்லை.

“நல்லதும்மா” என்றார் தேவசித்தம்.

&nbsp;

அக்டோபரில் பிள்ளைகள் கச்சேரி. எந்த வாத்தியம் எப்படிப் பேசும் என்று பிள்ளைகளுக்கு விளக்கும் வேலையை ஹெப்சிபா தேவசித்தத்துக்குக் கொடுத்தார். அவர் வயலின், செல்லோ, புல்லாங்குழல், டிரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அவர்களை அழைத்து வந்திருந்த டீச்சர் ஒருவர் எழுந்தார்.

“எனக்கொரு சந்தேகம் சார். எல்லார் கையிலும் சத்தம் வருது. குச்சி வெச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவர் கையில சத்தமே வரலையே. அவர் தப்புப் பண்ணா எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

பிள்ளைகள் சிரித்தார்கள்.

தேவசித்தமும் சிரிக்கப் பார்த்தார்.

“கண்டுபிடிக்க முடியாது டீச்சர்.”

“அப்ப நல்ல வேலைதான்” என்று சொல்லிவிட்டு டீச்சர் உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் தேவசித்தம் ஹெப்சிபாவிடம் சொன்னார், “கண்ணாடி முன்னால நின்னு தூக்கிப் பாத்தேன். இன்னும் நடுங்குது.”

“வயோலா பிடிக்கும்போது?”

“அப்ப நடுங்கல.”

“அப்ப டாக்டர்கிட்ட போக வேண்டியதில்லை” என்றார் ஹெப்சிபா.

&nbsp;

டிசம்பர் ஒத்திகையில் ஒரு நாற்காலி குறைவாகப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸ் கச்சேரியில் முதல் பாட்டைத் தனியாகப் பாடுகிறவள் ரோசலின். இந்த வருஷம் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அவளும் வரவில்லை.

“ரோசலினோட அப்பா ஆஸ்பத்திரியில இருக்காராம்” என்றார் ஹெப்சிபா. “போய்ப் பாத்துட்டு வாங்களேன்.”

“நானா?”

“ஆகஸ்டுல அவ பாடினப்ப நடத்தினது நீங்கதானே.”

“சீசன் முடியட்டும் மேடம். நிதானமா ஒரு நாள் போறேன்.”

ஹெப்சிபா அடுத்த பாட்டின் தாளை எடுத்துப் பிரித்தார்.

பதினெட்டாம் தேதி ரோசலினின் அப்பா சவரிராயன் இறந்துபோனார். குழுவிலிருந்து மலர்வளையம் அனுப்பினார்கள். கூட வைத்த அட்டையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். தேவசித்தமும் போட்டார். அடக்கத்துக்கு அவர் போகவில்லை. அன்று ஒத்திகை இருந்தது.

இருபதாம் தேதி கச்சேரி நன்றாக நடந்தது. ஜனவரியில் சினிமாப் பாட்டுகளுக்கு அரங்கு நிரம்பி, நடைபாதையிலும் நாற்காலி போட்டார்கள். விசில் பறந்தது. தேவசித்தம் ஒரு ஸ்வரம் பிசகாமல் வாசித்தார். கடைசி வரிசை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது. அங்கே யாரும் அவர் கையைப் பார்ப்பதில்லை.

&nbsp;

பிப்ரவரியில் ஒரு மதியம் ஹெப்சிபா தேவசித்தத்தை அரங்குக்கு வரச் சொன்னார். உள்ளே ஹெப்சிபாவையும் பியானோ வாசிப்பவரையும் தவிர யாருமில்லை.

“மேடையில ஏறி நடுவுல நில்லுங்க.”

“எதுக்கு மேடம்?”

“ஆகஸ்டுல பாடின அந்தத் தங்கைப் பாட்டோட பதிவைக் கேட்டேன். ஒருதரம் பாத்துடலாம்.”

“எனக்குப் பாட வராதே.”

“பாட வேண்டாம். ‘ஆ’ன்னு ஒரு சத்தம் போதும்.”

“எப்ப?”

“நான் கை காட்டும்போது.”

தேவசித்தம் ஏறி நின்றார். மேடை விளக்குகள் எரிந்தன. கண் கூசியது. எதிரே நாற்காலிகள் இருந்த இடம் முழுக்க இருட்டு. கையில் தாள் இல்லை. பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. மேடைக்கு முன்னால், வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில் சின்ன விளக்கு ஒன்று எரிந்தது. அந்த வெளிச்சத்தில் ஹெப்சிபாவின் இரண்டு கைகள் மட்டும் தெரிந்தன.

இருபது வருஷம் அவர் அந்த அரங்கில்தான் வாசித்திருக்கிறார். அந்த இடத்தில் ஒருநாளும் நின்றதில்லை.

பியானோ தொடங்கியது. பாட்டு அவருக்கு மனப்பாடம். முப்பத்திரண்டு எண்ணிக்கை கழிந்ததும் குரல் வர வேண்டும். மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார்.

இருபத்துநாலில் ஹெப்சிபாவின் இடது கை எழுந்தது.

தப்பு என்று அவருக்குத் தெரிந்தது. அதற்குள் வாய் திறந்துவிட்டது.

“ஆ…”

குரலும் பியானோவும் ஒன்றோடொன்று இடித்தன. பியானோ வாசிப்பவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

ஹெப்சிபா சிரிக்கவில்லை.

“ஏன் இப்பவே ஆரம்பிச்சீங்க? உங்களுக்கு எண்ணத் தெரியாதா?”

“தெரியும் மேடம்.”

“அப்புறம் என்ன?”

“நீங்க கை காட்டினீங்க.”

ஹெப்சிபா கையைக் கீழே இறக்கினார். பியானோ வாசிப்பவர் மூடியைச் சாத்திவிட்டு எழுந்து வெளியே போனார்.

தேவசித்தம் மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எட்டு எண்ணிக்கை மேடம். எட்டு எண்ணிக்கை முன்னாலயே தூக்கிட்டேன்.”

“யாருக்கும் வர்றதுதான்.”

“சிரிச்சாங்க. அந்தப் பொண்ணோட முகத்தைப் பாத்துச் சிரிச்சாங்க. எல்லாருக்கும் என் முதுகுதான் தெரிஞ்சுது. நான் அப்படியே நின்னுக்கிட்டிருந்தேன்.”

ஹெப்சிபா அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்.

“இதை என்கிட்டயா சொல்றீங்க?” என்றார்.

&nbsp;

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தேவசித்தம் ரோசலினின் வீட்டுக்குப் போனார். அவள் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். வெள்ளைப் புடவையை இன்னும் மாற்றவில்லை.

“வாங்க சார். உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை நின்றபடியே சொன்னார்.

“அன்னிக்கு நீ தப்புப் பண்ணலம்மா. நான்தான் எட்டு எண்ணிக்கை முன்னாடி கை காட்டிட்டேன்.”

“தெரியும் சார்.”

“தெரியுமா?”

“உங்க கையைத்தானே பாத்துக்கிட்டிருந்தேன். அங்க நின்னா வேற என்ன தெரியும்?”



“கமிட்டியில கேட்டாங்களே. அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க அங்கதானே சார் இருந்தீங்க.”

உள்ளே குக்கர் சத்தம் போட்டது. ரோசலின் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“நாளைக்கே கமிட்டியில சொல்லிடறேன்” என்றார் தேவசித்தம். “பேப்பருக்கும் எழுதறேன். என் பேரைப் போட்டே எழுதறேன். மார்ச்சுல நீயே பாடலாம். மேடம்கிட்ட நான் பேசறேன்.”

“சொல்லுங்க சார். எழுதுங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“வேற யார்கிட்டயும் நீ சொல்லவே இல்லையாம்மா?”

“அப்பாகிட்ட மட்டும் சொன்னேன்.”

சுவரில் சவரிராயனின் படம் இருந்தது. கோட்டும் டையும் போட்டிருந்தார். தேவசித்தம் அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“அவரும் அன்னிக்கு வந்திருந்தார் சார். மூணாவது வரிசை. கோயில் பாட்டுக் குழுவுல இருந்து நாலஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டு வந்திருந்தார், பொண்ணு பாடறதைக் காட்ட. எல்லாரும் சிரிச்சதும் எழுந்து வெளியில போயிட்டார்.”

“நீ சொன்னப்ப என்ன சொன்னார்?”

“நம்பலை. ‘உன் தப்பை இன்னொருத்தர் தலையில கட்டாதே’ன்னார். முப்பது வருஷம் அந்தக் குழுவை நடத்தினவர் சார். அவர் கை தப்பினா, பாட்டை நிறுத்தி, ஜனங்க பக்கம் திரும்பி, ‘என் தப்பு, முதல்லேருந்து பாடுவோம்’னு சொல்லிடுவார். நடத்தறவங்க எல்லாரும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டிருந்தார்.”

தேவசித்தம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“ஆஸ்பத்திரியில சேத்த பிறகுதான் கொஞ்சம் இறங்கி வந்தார். ஒரு நாள் அவரே பேச்சை எடுத்தார். ‘நீ சொல்றது நெஜமா இருந்தா, அந்த மனுஷன் ஒரு நாள் வந்து சொல்லுவார். வந்து சொன்னா நம்புறேன்’னார்.”

ரோசலின் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“அதுக்கப்புறம் வார்டு கதவு திறக்கிறப்பெல்லாம் என் முகத்தைப் பாப்பார் சார். ‘அவரா?’ன்னு கேப்பார்.”