புழு இல்லாத பட்டாம்பூச்சி

"இலையில ஒரு ஓட்டை தெரிஞ்சாலும் உனக்கு வேலை கிடையாது" என்றார் பங்களாக்காரர் ராஜரத்தினம். ரெண்டு மாசத்தில் தோட்டப் போட்டி. அதற்குள் பட்டாம்பூச்சி பறக்கணுமாம், புழு மட்டும் கூடாதாம். படிச்ச மனுஷன் பேசுற பேச்சா இது?

தோட்டக்காரர் எசக்கிமுத்து வேலை போகும் என்று தெரிந்தே பட்டாம்பூச்சி தேடி வந்து முட்டையிடும் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வாசலிலேயே நட்டார். புழுக்கள் வந்தன, இலையைத் தின்றன, பட்டாம்பூச்சியாகிப் பறந்தன.

நடுவரம்மா வந்ததும் ராஜரத்தினம் முந்திக்கொண்டார். "ஓட்டையெல்லாம் இவன் செஞ்ச தப்பு மேடம். இன்னைக்கே அனுப்பிடறேன்."

"தப்புதாங்க" என்றார் எசக்கிமுத்து. "ஐயா புழுவா இல்லாமப் பிறக்கிற பட்டாம்பூச்சி கேட்டாங்க. எந்த நர்சரியிலயும் இல்லைன்னுட்டாங்க. மேடத்துக்குத் தெரிஞ்ச இடம் இருந்தா சொல்லுங்க, இப்பவே போய் வாங்கிட்டு வர்றேன்."

நடுவரம்மா சிரித்தே விட்டார். ஓட்டை இலைகளைப் பார்த்துப் பார்த்து மார்க் போட்டு, முதல் பரிசும் கொடுத்தார். "இவரை விட்டுடாதீங்க சார்" என்றார்.

"விடுவேனா? எல்லாம் நான் சொல்லிக் கொடுத்ததுதான்" என்றார் ராஜரத்தினம், கூசாமல்.

கோப்பையோடு போட்டோ எடுக்கும்போது எசக்கிமுத்துவைத் தள்ளி நிற்கச் சொன்னார். எசக்கிமுத்து நகரவில்லை.